கில்ட்டுக்கு எந்த சாக்ஸ்? குறைந்த செலவில் சரியான ஜோடியைத் தேர்ந்தெடுக்க

ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பில் சுற்றிக் கட்டும் பாவாடை போன்ற உடையான கில்ட் முழங்காலோடு முடிந்துவிடும். அதற்குக் கீழே ஷூ வரைக்கும் கண்ணில் படுவது சாக்ஸ்தான். ஆனாலும் எட்டு கஜத் துணியில் தைத்த கில்ட், ஜாக்கெட், இடுப்புக்கு முன்னால் தொங்கும் ஸ்போரன் பை, ஷூ என்று எல்லாவற்றுக்கும் பணம் கொடுத்து முடித்த பிறகுதான் சாக்ஸ் ஞாபகத்துக்கு வரும். அதற்குள் கையிருப்பு கரைந்திருக்கும். கிளாஸ்கோவிலோ அபர்டீனிலோ நண்பரின் கல்யாணத்துக்கு முதன்முதலாகக் கில்ட் கட்டப்போகும் நம்மவர்களுக்கும் இதே நிலைமைதான். 10 பவுண்டுக்கும் சாக்ஸ் கிடைக்கிறது, 100 பவுண்டைத் தாண்டியும் கிடைக்கிறது. எந்த விலையில் நிறுத்திக்கொள்ளலாம் என்று தெரிந்தால் போதும்.

பணம் குறைவென்றால் முதலில் பார்க்க வேண்டியது நீளம். அடுத்தது பின்னல் எவ்வளவு விறைப்பாகப் பிடிக்கிறது என்பது. மூன்றாவது நிறம். கம்பளியா அக்ரிலிக்கா என்பதெல்லாம் அதற்குப் பிறகு. நீளம் போதாத மெரினோ கம்பளி சாக்ஸை விட நீளம் போதுமான மலிவு அக்ரிலிக் சாக்ஸே மேல்.

நீளத்தில்தான் எல்லாம் இருக்கிறது

கில்ட் சாக்ஸை முட்டிக்கு மேல் வரை இழுத்துவிட்டு, முட்டிக்குக் கீழே கார்ட்டர் என்ற எலாஸ்டிக் பட்டையைப் போட வேண்டும். பிறகு மேலே மிச்சமிருக்கும் பகுதியை 8 முதல் 10 செ.மீ. வரை கீழே மடித்து, அந்தப் பட்டையை மறைக்க வேண்டும். பட்டையில் தைத்திருக்கும் ஃப்ளாஷ் என்ற வண்ண நாடாக்களின் நுனி மட்டும் மடிப்புக்குக் கீழே தெரியும். ஆக, சாதாரண முழங்கால் சாக்ஸை விட அரைச் சாண் அளவுக்குக் கொஞ்சம் குறைவாக இதில் நீளம் கூடுதலாக வேண்டும்.

வாங்குவதற்கு முன் டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். வெறுங்காலோடு நின்று, தரையிலிருந்து முட்டிச் சில்லின் அடிவிளிம்புக்கு மூன்று விரல் கீழே வரை அளக்க வேண்டும். சராசரி உயரமுள்ள ஆணுக்கு 40 செ.மீ.யை ஒட்டி வரும். மடிப்புக்கு 10 செ.மீ. சேர்த்தால், குதிகாலிலிருந்து மேல்விளிம்பு வரை சுமார் 50 செ.மீ. உள்ள சாக்ஸ் தேவை. பின்னல் நீளவாக்கில் கொஞ்சம் இழுபடும் என்பது உண்மைதான். ஆனால் இழுத்துப் பிடித்துப் போட்ட சாக்ஸ் நடக்க நடக்கத் தன் பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கும். அந்த இழுவையை நம்பி வாங்காதீர்கள்.

மூன்று விரல் கணக்கு அழகுக்காக மட்டும் வந்ததில்லை. கெண்டைக்கால் சதை அதன் மேல்பாதியில்தான் அகலம் அதிகம். அதற்கும் முட்டிக்கும் நடுவே கால் மறுபடி ஒடுங்குகிறது. பட்டை அந்த ஒடுக்கத்தில் உட்கார்ந்தால், கீழே இருக்கும் சதையே அதைத் தாங்கிப் பிடித்துக்கொள்ளும். சாக்ஸ் கட்டையாக இருந்து பட்டை சதையின் மேட்டிலேயே உட்கார்ந்துவிட்டால், ஒவ்வொரு அடிக்கும் சதை அதைக் கீழே தள்ளும். சாக்ஸ் சரிகிறது என்று சொல்பவர்களில் பலர் எலாஸ்டிக்கைத்தான் குறை சொல்வார்கள். உண்மையில் குறை நீளத்தில் இருக்கும்.

இறுக்கினால் நிற்குமே என்று நினைப்பதும் ஆபத்து. முழங்காலின் வெளிப்பக்கம், சற்றுக் கீழே விரலால் தடவினால் ஓர் எலும்பு முண்டு தட்டுப்படும். அதை ஒட்டித்தான் பாதத்துக்குப் போகும் நரம்பு தோலுக்கு மிக அருகில் ஓடுகிறது. இறுக்கமான எலாஸ்டிக் அங்கே அழுத்தினால் புறங்கால் மரத்துப்போகும். பட்டை அந்த முண்டைத் தாண்டிக் கீழே இருக்கட்டும். ஒரு விரல் உள்ளே நுழையும் இறுக்கமே போதும்.

வாடகைக் கடை வெள்ளை சாக்ஸ்

கில்ட் வாடகைக்கு விடும் கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது வெள்ளை அல்லது கிரீம் நிற சாக்ஸ். தனியாக வாங்கினால் 10 முதல் 15 பவுண்ட் வரை ஆகும். பெரும்பாலும் அக்ரிலிக், அல்லது அக்ரிலிக்கோடு கொஞ்சம் கம்பளி. கில்ட் தைக்கும் கட்டம் போட்ட துணியான டார்ட்டன் எதுவானாலும் ஒத்துப்போகும் என்பதாலும், ஒரே நிறத்தில் எல்லா அளவும் வாங்கி அடுக்கிவிடலாம் என்பதாலும் கடைக்காரர்களுக்கு இது வசதி.

இதன் பலம் நீளமும் விலையும். கில்ட்டுக்கென்றே பின்னியதால் மடிப்புக்குத் தேவையான நீளம் தவறாமல் இருக்கும். ஒரே ஒரு நாள் கல்யாணத்துக்கு இது போதும்.

பலவீனம் மூன்று. அக்ரிலிக் நூல் வியர்வையை உறிஞ்சாது; கோடைக் கல்யாணத்தில், நடன அரங்கில் மூன்று மணி நேரம் ஆடினால் பாதம் நசநசத்துவிடும். இரண்டாவது, நாலைந்து முறை துவைத்ததும் குதிகாலிலும் உள்காலிலும் பஞ்சு உருண்டை உருண்டையாகத் திரளும். மூன்றாவது, கில்ட்டோடு போடும், கயிறு கட்டும் கில்லி புரோக் ஷூவின் கறுப்புச் சாயமும் தரை அழுக்கும் வெள்ளையில் ஒட்டிக்கொண்டு போகாது. அழுக்கைப் போக்க குளோரின் பிளீச் ஊற்றுகிறவர்கள் உண்டு. அதில் கம்பளி கலந்திருந்தால் மஞ்சளடித்து, இழையே அரித்துப் போகும்.

இன்னொன்றும் உண்டு. வெள்ளை சாக்ஸ் பார்ப்பவர் கண்ணை நேராகக் காலுக்கு இழுக்கும். வாடகைக்கு எடுத்தது என்பதையும் அதுவே சொல்லிவிடும். தவறான உடை என்று யாரும் சொல்லப்போவதில்லை. இன்றைய ஸ்காட்டிஷ் கல்யாணங்களில் சர்வசாதாரணம். ஆனால் சொந்தமாக வாங்குவதாக இருந்தால் இந்த நிறத்தில் காசைப் போடாதீர்கள் என்பதே எங்கள் கருத்து.

கம்பளி, நைலான் கலவை

20 முதல் 35 பவுண்ட் வரையிலான விலையில், ஒற்றை நிறத்தில், கம்பளியும் நைலானும் கலந்து பின்னிய கில்ட் சாக்ஸ் கிடைக்கும். எங்கள் முதல் தேர்வு இதுதான். லேபிளில் கம்பளி பாதிக்கு மேல், நைலான் 20 முதல் 30 சதவீதம் என்று இருந்தால் நல்லது. கம்பளி இழை இயல்பிலேயே சுருள் சுருளாக இருப்பதால் இழுத்துவிட்டால் தானாகத் திரும்பும். தன் எடையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்ளே வாங்கிக்கொண்டும் தொட்டால் ஈரம் தெரியாது. நைலான் குதிகாலும் விரல் நுனியும் தேயாமல் காக்கிறது. நூறு சதவீதக் கம்பளி என்று பெருமையாக விற்கும் சாக்ஸ், நிறைய நடப்பவர்களுக்குக் குதிகாலில் சீக்கிரம் ஓட்டை விழும். இந்த இடத்தில் கலப்படமே நல்லது.

ஸ்காட்லாந்தின் எல்லைப் பகுதியில் இருக்கும் ஹாவிக் நகரம் பின்னலாடைக்குப் பேர்போனது. ஹவுஸ் ஆஃப் செவியட் நிறுவனத்தின் கில்ட் சாக்ஸ் அங்கேதான் தயாராகிறது. அவர்களுடைய சாதா ரகங்கள் இந்த விலையின் மேல்முனையிலோ அதற்குச் சற்று மேலோ வரும். மேல்மடிப்பில் பூவேலையும் முறுக்குப் பின்னலும் சேர்ந்தால் விலை சடசடவென ஏறும். மடிப்பில் வேலைப்பாடு இல்லாத, நீளவாக்கில் வரி வரியாக வரும் ரிப் பின்னலே போதும். நூலின் தரம் ஒன்றுதான்.

கடையில் நேரில் பார்க்கும்போது மடிப்புப் பகுதியை இரண்டு கையாலும் இரண்டு மடங்கு அகலத்துக்கு விரித்து விட்டுப் பாருங்கள். உடனே சுருங்கினால் நல்ல பின்னல். மெதுவாகச் சுருங்கி, விளிம்பு அலை அலையாக நின்றால் அது ஒரு மாலைப்பொழுதுக்குக்கூடத் தாங்காது. பருத்த கெண்டைக்கால் உள்ளவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: ரிப் பின்னல் அதிகம் விரிந்தால் இழைகளுக்கு நடுவே தோல் தெரியும். கெண்டைக்கால் சுற்றளவு 42 செ.மீ.யைத் தாண்டினால், பாத அளவு சரியாக இருந்தாலும் ஓர் அளவு பெரிதாக வாங்குவதே நல்லது.

வேட்டைக்காரர் சாக்ஸ்

பலர் எட்டிப் பார்க்காத இடம் இது. பிரிட்டனில் வேட்டைக்குப் போகிறவர்கள் முழங்காலோடு நிற்கும் கால்சட்டை போடுவார்கள். அதோடு போடும் நீளமான கம்பளி சாக்ஸ் கிராமப்புற உடைக் கடைகளில் கிடைக்கும். அதிலும் மேல்மடிப்பு உண்டு, கார்ட்டர் கட்டவும் இடமுண்டு. உறுதியாக நடப்பதற்கென்றே பின்னியதால் குதிகால் தடிப்பாக இருக்கும். பாசிப் பச்சை, பழுப்பு, கரும்பச்சை என்று நிறங்களும் கில்ட்டுக்குப் பொருத்தமானவை. விலை 15 பவுண்டிலிருந்து தொடங்கும். வேட்டைக் காலம் முடியும் பிப்ரவரிக்குப் பிறகு தள்ளுபடியில் கிடைத்தால் அள்ளிக்கொள்ளலாம்.

கவனிக்க வேண்டியது இரண்டு. மடிப்பில் பறவை, நரி என்று படம் போட்ட ரகங்களைத் தவிர்த்துவிடுங்கள். டார்ட்டனோடு சண்டை போடும். அடுத்து, சில ரகங்கள் ரப்பர் பூட்ஸுக்காகவே மிகத் தடிமனாகப் பின்னியவை. கில்லி புரோக் ஷூவுக்குள் அவை நுழையாது. ஷூவைக் கையோடு எடுத்துப்போய்ப் போட்டுப் பாருங்கள்.

கால்பந்து, பள்ளிக்கூட, மலையேற்ற சாக்ஸ்கள்

5 பவுண்டுக்குக் கிடைக்கும் கால்பந்து சாக்ஸ்தான் பலரும் முதலில் நினைப்பது. கறுப்பு, நீலம், பச்சை எல்லாம் உண்டு. பார்க்க நீளமாகவும் இருக்கும். ஆனால் அது முட்டியோடு முடியும் நீளம், மடிக்க இடமில்லை. மடித்தால் சாக்ஸ் கெண்டைக்கால் நடுவுக்கு இறங்கிவிடும். மேலே சொன்ன சரிவுப் பிரச்சினை அங்கேயே தொடங்கும். மடிக்காமல் விட்டால் கார்ட்டர் பட்டை வெளியே தெரியும். நைலான் பளபளப்பு வேறு, புகைப்படம் எடுக்கும்போது கேமரா வெளிச்சம் பட்டால் மின்னும்.

அதைவிடப் பெரிய தொல்லை ஷூவில் இருக்கிறது. கில்லி புரோக் ஷூவில் நாக்கு கிடையாது. கயிறுகள் புறங்கால் மேல் நேரடியாகக் குறுக்கும் நெடுக்கும் போய், கணுக்காலைச் சுற்றி முடிச்சுப் போடப்படும். மெல்லிய சாக்ஸ் போட்டால் அந்தக் கயிற்றின் அழுத்தம் அப்படியே தோலில் இறங்கும்; விருந்து முடிவதற்குள் புறங்காலில் தடம் தடமாகச் சிவந்துவிடும். நல்ல தடிமனான கம்பளி சாக்ஸ் அங்கே மெத்தை போல வேலை செய்கிறது. சாதாரண லேஸ் ஷூ போடுபவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

பள்ளிச் சிறுவர்கள் போடும் சாம்பல் நிற முழங்கால் சாக்ஸ் கொஞ்சம் தேவலாம். மேலே மடிப்பு வைத்தே வரும். இரண்டு ஜோடி 10 பவுண்டுக்குள் கிடைத்துவிடும். மடிப்பு 5 செ.மீ. அளவுக்கே இருப்பதால் குட்டையான ஃப்ளாஷ் போட வேண்டும். கில்ட் கட்டும் சிறுவர்களுக்கு இதுவே மிகச் சிறந்த தேர்வு. வளர்கிற காலுக்கு 30 பவுண்ட் சாக்ஸ் வாங்குவதில் அர்த்தமில்லை. பெரியவர்களில் சிறிய பாதமும் மெலிந்த காலும் உள்ளவர்களுக்கு மட்டும் ஒத்துவரும்.

பூட்ஸோடு போடும் சாதா கில்ட்டுக்கு, வார இறுதி நடைக்கு, திருவிழாவுக்கு என்றால் மலையேற்ற சாக்ஸ் போதும். கணுக்காலில் சுருட்டி விட்டுவிடலாம். ஃப்ளாஷும் வேண்டாம், அளவும் வேண்டாம்.

பாதமில்லா சாக்ஸ், பழைய சாக்ஸ்

ராணுவத்திலும் பைப் இசைக் குழுக்களிலும் பாதம் இல்லாத, கணுக்காலோடு முடியும் சாக்ஸ் போடும் பழக்கம் உண்டு. அதற்கு உள்ளே சாதாரண குட்டை சாக்ஸ், மேலே கணுக்காலை மூடும் ஸ்பாட் உறை. சாக்ஸில் முதலில் கெடுவது பாதம்தான். அதைத் தனியாகப் பிரித்துவிட்டால் மேல்பகுதி வருஷக்கணக்கில் உழைக்கும். பூட்ஸோ ஸ்பாட்டோ போடுபவர்களுக்கு இது நல்ல சிக்கனம். கில்லி புரோக்கில் புறங்கால் திறந்திருப்பதால் இரண்டு சாக்ஸும் சேரும் இடம் கயிறுகளுக்கு நடுவே தெரியும். அதே நிறத்தில் குட்டை சாக்ஸ் கிடைத்தால் மட்டும் முயலலாம்.

பழைய பொருள் விற்கும் கடைகளிலும் இணையத்திலும் நல்ல கம்பளி கில்ட் சாக்ஸ் பாதிக்கும் குறைவான விலையில் வரும். கல்யாணத்துக்கு ஒருமுறை போட்டுவிட்டு விற்பவர்கள் பலர். படத்தில் குதிகாலும் விரல் நுனியும் தெரியும்படி கேளுங்கள்; குதிகாலில் பின்னலின் வரிகள் மங்கி வழவழப்பாகத் தெரிந்தால் அது தேய்ந்த சாக்ஸ். பாதம் சிறுத்துக் கெட்டியாகிக் கிடந்தால் சூடான தண்ணீரில் துவைத்து சுருங்கிப்போனது; அதை எதுவும் செய்ய முடியாது. சிவப்பும் வெள்ளையும், சிவப்பும் கறுப்புமாகக் கட்டம் போட்ட சாக்ஸ் மலிவாகக் கண்ணில் பட்டாலும் விட்டுவிடுங்கள். அவை பெரும்பாலும் ராணுவப் பிரிவுகளின் சீருடையைச் சேர்ந்தவை.

சாய்சதுர ஆர்கைல் சாக்ஸ் மேல் ஆசைப்படுபவர்களுக்கு ஒரு வார்த்தை. பழங்காலத்தில் டார்ட்டன் துணியையே மூலைவாட்டில் சாய்வாக வெட்டிக் காலுறை தைத்தார்கள். சதுரக் கட்டம் அதனால் சாய்சதுரமாகத் தெரிந்தது. பின்னல் அதைப் பின்பற்றி வந்ததே. உங்கள் டார்ட்டனுக்கு ஏற்ப ஒவ்வொரு சாய்சதுரத்தையும் தனி நூலில் கையால் பின்ன வேண்டும் என்பதால் விலை 100 பவுண்டைத் தாண்டிப் போகும். இயந்திரத்தில் பின்னிய மலிவு ஆர்கைல், கில்ட்டின் நிறத்தோடு ஒட்டாமல் தனியாக நிற்கும். குறைந்த செலவில் இந்தப் பக்கம் போக வேண்டாம். வீட்டிலேயே பின்னிவிடலாம் என்றாலும், ஒரு ஜோடிக்கு 300 கிராமாவது நல்ல சாக்ஸ் நூல் வேண்டும். நூல் விலையே கடை சாக்ஸைத் தொட்டுவிடும். பின்னுவதில் ஆசை இருந்தால் பின்னுங்கள், காசு மிச்சமாகும் என்று பின்னாதீர்கள்.

என்ன நிறம்

ஒரே ஒரு ஜோடிதான் என்றால் அடர் சாம்பல், அல்லது லோவட் என்று சொல்லும் சாம்பல் கலந்த பச்சை. இரண்டும் பகலிலும் இரவிலும் செல்லும். பச்சை, நீலம், சிவப்பு எந்த டார்ட்டனோடும் போகும். இரண்டாவது ஜோடிக்கு டார்ட்டனில் ஓடும் மெல்லிய கோடுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்: ஒயின் சிவப்பு, கரும்பச்சை, கருநீலம். பின்னணி நிறத்தையே சாக்ஸுக்கும் எடுத்தால் சாயத்தில் சின்ன வித்தியாசமும் பளிச்சென்று தெரியும். மாநிறமும் கறுப்புமான கால்களில் ஒயின் சிவப்பும் கரும்பச்சையும் மிக அழகாக இருக்கும். வெள்ளை சாக்ஸில் பளிச்சென்று தெரியும் நிற வேறுபாடு இவற்றில் வராது. கறுப்பு சாக்ஸ் மாலை விருந்துக்குச் சரி, பகலில் ட்வீட் என்ற தடித்த கம்பளி ஜாக்கெட்டோடு போட்டால் கனமாகத் தெரியும்.

ஃப்ளாஷ் தனியாக 5 பவுண்ட் முதல் கிடைக்கும். 2.5 செ.மீ. அகல எலாஸ்டிக்கும் டார்ட்டன் துணியின் வெட்டுத் துண்டும் இருந்தால் வீட்டிலேயே தைக்கலாம். முட்டிக்குக் கீழ் சுற்றளவிலிருந்து 3 செ.மீ. குறைத்து எலாஸ்டிக் வெட்டுங்கள். ஒரு காலுக்கு இரண்டு நாடா, ஒவ்வொன்றும் 13 செ.மீ. நீளம், நுனியில் வி வடிவ வெட்டு.

போடும் முறை, துவைக்கும் முறை

சாக்ஸை முதலில் முட்டிக்கு மேலேயே இழுத்துவிடுங்கள். ரிப் வரிகள் கணுக்காலிலிருந்து நேராக மேலே போகிறதா என்று பார்த்து, முறுக்கி இருந்தால் குதிகாலிலிருந்து சரிசெய்யுங்கள். இப்போது மூன்று விரல் கணக்கில் பட்டையைப் போட்டு, ஃப்ளாஷ் காலின் வெளிப்பக்கம், சற்று முன்னால் வரும்படி திருப்புங்கள். பிறகு மடியுங்கள். நாடா மடிப்புக்குக் கீழே இரண்டு முதல் ஐந்து செ.மீ. தெரிந்தால் போதும். இரண்டு காலின் மடிப்பும் ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். ஒரு விரல் வித்தியாசம்கூடத் தூரத்திலிருந்து தெரியும். ஸ்கியன் டூ என்ற சிறு கத்தி வைப்பவர்கள் வலதுகைக்காரர் என்றால் வலது சாக்ஸில், வெளிப்பக்கம், கைப்பிடியின் மேல்பகுதி மட்டும் தெரியும்படி சொருகுவார்கள். தொய்ந்த பின்னலில் அந்தக் கனமே மடிப்பை இழுத்துச் சாய்த்துவிடும். விறைப்பான பின்னல் வேண்டும் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

துவைக்கும்போது உள்ளே வெளியே திருப்பி, கம்பளிக்கான சுற்றில் 30 டிகிரியில் போடுங்கள். கறையைத் தின்னும் என்சைம் கலந்த பவுடர் வேண்டாம். முட்டைக் கறையைக் கரைக்கும் அதே என்சைம் கம்பளியின் புரதத்தையும் தின்னும். சூடும் உலுக்கலும் சேர்ந்தால் கம்பளி இழையின் செதில்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு சாக்ஸ் சுருங்கிவிடும். அதனால் உலர்த்தும் இயந்திரத்தில் போடவே கூடாது. கொடியில் தொங்கவிட்டால் ஈரக் கனத்தில் நீளும். துண்டின் மேல் தட்டையாக விரித்துக் காயவையுங்கள்.

பாதம் தேய்ந்து ஓட்டை விழுந்த பிறகும் அந்த ஜோடியைத் தூக்கிப் போட வேண்டாம். கணுக்காலுக்கு இரண்டு விரல் கீழே வெட்டி, பின்னல் பிரியாமலிருக்க விளிம்பை ஸிக்ஸாக் தையலில் ஓட்டி, ஒரு மடிப்பு மடித்துத் தைத்துவிட்டால் பாதமில்லா சாக்ஸ் தயார். பூட்ஸ் போடும் நாட்களுக்கு அதுவே இன்னும் சில வருஷம் ஓடும்.